வயதான ஜட்காக் குதிரையும் மழை, பனிக் காலமும்



நெல்லுக்கு எப்போது மேலுரம் போடுவது, மணிலாக்கொட்டைக்கு எப்போது மண் அணைப்பது என்று பேசுகிறவன் இன்றைக்குக் குதிரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குதிரை ராஜாக்களுக்கும் பட்டாளத்துக்கும் உரியது, நமக்கு என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலூர் லாங் பஜாரிலும், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் கடைவீதிகளிலும் நம் பாட்டன் பாட்டிமார் ஏறிப் போன ஜட்கா வண்டியை இழுத்தது ஒரு மட்டக்குதிரைதான். தோள் உயரம் நாலடி, மிஞ்சினால் நாலேகால் அடி இருக்கும். கொள்ளும் புல்லும் தின்று, ஒரு குடும்பத்துக்கே சோறு போட்ட பிராணி.

அந்தக் குதிரைக்கு வயதான பிறகு என்ன ஆயிற்று? அதிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும், பின்னால் வரும் மார்கழிப் பனியையும் அது எப்படித் தாண்டியது, அல்லது ஏன் தாண்டவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு வேடிக்கையான சரித்திரம் கிடைக்கிறது. குதிரைக்கென்றே உண்டான வைத்தியம், ஜட்காக் குதிரை நின்ற சந்துக்கு மட்டும் வந்து சேரவே இல்லை.

கொஞ்சம் பழைய காலத்திலிருந்து வருகிறேன். தமிழ்நாட்டுக்கு நல்ல குதிரை கடல் வழியாகத்தான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் குதிரை வந்த செய்தி பட்டினப்பாலையில் இருக்கிறது. பாண்டிய ராஜா குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்ததும், நரி பரியானதும், பரி மறுபடி நரியானதும் உங்களுக்குத் தெரிந்த கதை. ராஜாவின் கஜானாவிலிருந்து குதிரைக்கு எவ்வளவு பணம் போயிருக்கிறது என்பது அந்தக் கதையிலேயே தெரிகிறது அல்லவா?

1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதைக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். ராஜாவும் அவருடைய சகோதரர் நால்வரும் ஆளுக்கு 2000 குதிரைக்கு மேல் ஒவ்வொரு வருஷமும் வாங்குவார்களாம். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வியாபாரிகள் கொண்டு வருவார்களாம். வருஷக் கடைசியில் 100 குதிரைகூட உயிரோடு மிஞ்சாதாம். காரணம் என்ன? இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்கிறார் அவர். குதிரை வைத்தியமும் லாட வேலையும் தெரிந்தவர்கள் இந்தக் கரைக்கு வராதபடி அந்த வியாபாரிகளே பார்த்துக் கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! போலோ சொன்னதில் கேள்விப்பட்டதும் கலந்திருக்கும், எண்ணிக்கையும் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் இன்னொரு விஷயத்தை என்னால் தள்ள முடியவில்லை. குதிரைக்கு இங்கே வேகவைத்த அரிசியும் இறைச்சியும் போட்டார்கள் என்கிறார்.

நான் வேளாண்மை படித்தவன். தீவனத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். மாட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு உண்டு, அசைபோடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் உடம்பைப் பார்த்தால் ரொம்பச் சின்னது. பெரிய ஜாதிக் குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். புல்லின் நார்ச்சத்து முழுவதும் பின்னால் பெருங்குடலில்தான் நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிக்கிறது. அங்கே அரிசி மாவுச்சத்து நிறையப் போய்ச் சேர்ந்தால் புளித்து அமிலமாகிவிடும். வயிற்றுக் குத்தல் வரும். நாலு குளம்புக்குள்ளும் அழற்சி கண்டு, கால் ஊன்ற முடியாமல் நிற்கும். அரேபியாவிலிருந்து பத்திரமாக வந்த குதிரை பாண்டிய நாட்டில் ஏன் செத்தது என்பதற்கு இந்த ஒரு காரணமே பாதிக்கு மேல் போதும் என்பது என் அபிப்பிராயம்.

வைத்திய நூல் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் இருக்கிறது. 1952ல் அதை அச்சிட்டும் இருக்கிறார்கள். ஆனால் ஏடு அரண்மனையில் இருந்தது, குதிரை லாயத்தில் இருந்தது.

பிறகு கும்பெனிக்காரர்கள் வந்தார்கள். உலகத்தில் முதல் கால்நடை வைத்தியப் பள்ளிக்கூடம் 1760களின் தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஏற்பட்டது. அங்கே போய்ப் படித்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் மூர்கிராப்ட். அவரை 1808ல் பீகாரில் பூசா என்ற இடத்திலிருந்த கும்பெனியின் குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். பட்டாளத்துக்குக் குதிரை உற்பத்தி செய்ய வேண்டும். அவர் குதிரைக்காக அங்கே ஓட்ஸ் பயிர் செய்தார். நல்ல ஜாதிக் குதிரை தேடி லடாக், காபூல், புகாரா என்று அலைந்து, 1825ல் அந்த வழியிலேயே இறந்தும் போனார். அதே பூசாவில்தான் 1905ல் விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1934 பூகம்பத்தில் கட்டடம் இடிந்த பிறகு அதை டில்லிக்கு மாற்றினார்கள். இன்றைக்கு நாம் விதைக்கிற எத்தனையோ கோதுமை ரகங்களின் பெயரில் ‘பூசா’ என்று இருக்கிறதே, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு குதிரை லாயம் நிற்கிறது!

நம் பக்கத்திலேயே ஓசூரில் 1824ல் பட்டாளக் குதிரைகளுக்காக ஏற்பட்ட பண்ணைதான் பிற்பாடு கால்நடைப் பண்ணையாக மாறியது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து கப்பல் கப்பலாக மதராசுக்கு வந்து இறங்கிய குதிரைக்கு ‘வேலர்’ என்று பெயர். வேல்ஸ் என்பதிலிருந்து வந்த பெயர் அது. நம் வேலூருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேலூரில் யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

1880ல் பஞ்சாபில் கிரிபித் எவான்ஸ் என்ற பட்டாளத்துக் கால்நடை வைத்தியர், ‘சர்ரா’ என்ற நோயில் இளைத்துச் சாகும் குதிரைகளின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அதில் நெளிகிற ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். அந்த நோயை ஆராய்வதும் ஒரு வேலையாக 1889ல் புனாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அதுதான் வித்து. சென்னை வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி 1903ல் வந்தது. பட்டாளக் குதிரையை முன்னிட்டுப் பிறந்த சாஸ்திரம், பிறகு உழவு மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் வந்தது. நல்லதுதான். நடுவில் ஒருவன் விட்டுப்போனான். அவன்தான் ஜட்காக்காரன்.

இப்போது வேலூருக்கு வருவோம். கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். பிடரி மயிரும், கடிவாளமும், சேண வாரும் கல்லில் அப்படியே இருக்கின்றன. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் இருந்த குதிரைப்படைதான் கில்லஸ்பியின் தலைமையில் காலையிலேயே ஓடி வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தது. குதிரை இல்லாவிட்டால் அன்றைய சரித்திரம் வேறு மாதிரி போயிருக்கும்.

அந்தப் படைக் குதிரைக்குச் செய்த சவரட்சணையைப் பாருங்கள். தேய்த்து விட ஒரு குதிரைக்காரன், புல் கொண்டுவர ஒரு புல்லுக்காரன். அந்தப் புல்லுக்காரன் வரப்பிலும் ஏரிக்கரையிலும் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கிக் கொண்டு வருவான். வெள்ளைக்காரத் துரைமார் இங்கிலாந்து முறைப்படி உலர்புல் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் நம் அருகம்புல்லுக்கும் கொள்ளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வயதாகி வேலைக்கு ஆகாத குதிரையைப் பட்டாளம் வைத்துக் கொள்ளாது. ஒதுக்கி ஏலம் போட்டுவிடும். அத்தோடு வைத்தியமும் நின்றது.

ஜட்கா பெருகியது ரயில் வந்த பிறகு. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. வேலூர்க்காரர்களுக்கு மெயின் லைன் ஸ்டேஷன் பாலாற்றுக்கு அக்கரையில் காட்பாடியில் அமைந்துவிட்டது. மூட்டை முடிச்சோடு இறங்குகிறவர் ஊருக்குள் எப்படி வருவது? 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு வைத்தியசாலை பெரிய ஆஸ்பத்திரியாக வளர, வெளியூர் நோயாளிகளும் வந்தார்கள். தோல் வியாபாரிகள் வந்தார்கள். லாங் பஜார், மண்டித் தெருவுக்கு மளிகையும் துணியும் வாங்க கிராமத்து ஜனங்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஜட்காதான்.

சட்டமும் வராமல் இல்லை. 1861ல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பவர் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் ஏற்படுத்தினார். 1890ல் ஒரு சட்டம், சுதந்திரத்துக்குப் பிறகு 1960ல் முழுமையான சட்டம், 1965ல் வண்டி இழுக்கும் பிராணிகளுக்கான விதிகள். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சேர்ந்தாற்போல் 5 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது, வண்டியில் ஓட்டுகிறவரையும் சிறு பிள்ளைகளையும் தவிர நாலு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் சட்டம் ‘கூடாது’ என்றுதான் சொல்லும். பல் தேய்ந்த கிழக் குதிரைக்கு மார்கழியில் என்ன கொடுப்பது என்று அது சொல்லித் தராது.

அதைச் சொன்னவர் வேறு ஒருவர். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கும் பெரியவர், எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா ஜட்கா ஓட்டியவர். 1970களின் கடைசியில் நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொண்டேன்.

அவர்கள் வீட்டில் ஒரு பெட்டைக் குதிரை, வயது இருபத்திரண்டுக்கு மேல். அந்த வருஷம் ஐப்பசி மழையிலேயே இருமல் கண்டது. வாயில் போட்ட புல்லை மென்று, உருண்டை உருண்டையாகக் கீழே துப்பியது. விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டது. செங்கல் சூளைக்கு மண் சுமக்க வாங்குகிற தரகர் ஒருவர் வந்து விலை பேசினார். வீட்டில் அரிசிக்கே திண்டாட்டம். குதிரை வண்டியில் பூட்டவில்லை என்றால் வருமானம் இல்லை, ஆனால் கொள்ளுக்குக் காசு வேண்டும். மகனான இவரே, “வித்துடலாம்பா” என்று சொன்னாராம்.

“ஏன் பாய், அப்பா விற்கவில்லையா?” என்று கேட்டேன்.

“சூளைக்குப் போனா எட்டு நாள் தாங்காது சார். அது தெரிஞ்சும் கையில காசு வாங்க அவருக்கு மனசு வரல. ‘அதுக்குக் குளிரு இல்லடா, பசி’ன்னாரு. நான் நம்பல.”

அந்தக் கிழவனார் சொன்னது அப்படியே சாஸ்திரம். வேலூரில் மார்கழி, தை இரவுகளில் 17, 18 டிகிரி அளவில் இருக்கும், சில வருஷம் அதற்கும் கீழே இறங்கும். மனுஷனுக்கு அது குளிர்தான். ஆனால் மேல்நாடுகளில் பூஜ்யம் டிகிரியில் குதிரை வெட்டவெளியில் நிற்கிறது. தின்ற நார்த்தீவனம் பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் உஷ்ணம்தான் அதற்கு உள்ளே எரிகிற அடுப்பு. வெளியே ரோமம் சிலிர்த்து நின்று காற்றைப் பிடித்து வைத்துக் கொண்டு கம்பளியாகிறது. இங்கே கிழக் குதிரைக்கு இரண்டும் கெடுகின்றன. பல் இல்லாததால் நார் உள்ளே போகவில்லை, அடுப்பு அணைகிறது. மழையில் நனைந்தால் ரோமம் உடம்போடு ஒட்டிவிடுகிறது, கம்பளி போய்விடுகிறது. நனைந்து, பசித்து, காற்றில் நிற்கிற குதிரைக்கு 18 டிகிரியே போதும்.

அப்பா முதலில் செய்த காரியம், லாடம் அடிப்பவரைக் கூப்பிட்டு வாயைத் திறந்து பார்த்தது. குதிரையின் மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரமும், கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்தி மாதிரி கூராகிவிடும். மெல்லும்போதெல்லாம் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வலி தாங்காமல்தான் துப்புகிறது. அந்த மனுஷர் அரத்தால் கூரைத் தேய்த்து விட்டார். இன்றைக்கு இதைக் கால்நடை டாக்டர் மயக்க ஊசி போட்டு, வலியில்லாமல் செய்வார். குதிரை வைத்திருக்கிறவர்கள் வருஷம் ஒரு தடவை, மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே, பல்லைக் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது தீனி. இரண்டு வேளைக்குப் பதில் நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. கொள்ளை இரவே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, மசித்து, ஒரு பிடி தவிடும் ஒரு துண்டு வெல்லமும் உப்பும் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தார்கள். பச்சைக் கொள்ளில் செரிமானத்தைத் தடுக்கும் சத்து ஒன்று உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். தவிட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதென்று தவிட்டையே தீனியாக்கிவிடாதீர்கள். அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. மாதக் கணக்கில் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, முகத்து எலும்பு ஊதிவிடும்.

அருகம்புல்லை அலசி, விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டார்கள். மணிலாக்கொடியும் போட்டார்கள். இது நம் ஜில்லாவுக்கே உரிய பாக்கியம். நல்ல மணிலாக்கொடி புரதம் உள்ள தீவனம். ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொடி குதிரைக்கு விஷம் மாதிரி. தூசியும் பூசணமும் மூச்சில் ஏறினால் இருமல் நிரந்தரமாகிவிடும். கொடியை உதறி, தண்ணீரில் நனைத்துப் போட வேண்டும். முகர்ந்து பார்த்து மக்கல் வாசனை அடித்தால் எருக்குழியில் போட்டுவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்பீர்கள். எடை மேடை வேண்டாம், ஒரு தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் எடை. சுற்றளவு 130, நீளமும் 130 என்றால் சுமார் 185 கிலோ வரும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது மூன்றரை கிலோவுக்கு மேல், உலர்ந்த கணக்கில் தீவனம் தினமும் உள்ளே போக வேண்டும். மாதம் ஒரு தடவை அளந்து சுவரில் கரியால் எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் ரோமம் சிலிர்த்திருப்பதால் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது, டேப்புக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் பல பேர் கோட்டை விடுகிறார்கள். குளிர் நாளில் குதிரை தண்ணீர் குறைவாகக் குடிக்கும். காய்ந்த தீனியும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் குடலில் அடைத்துக் கொள்ளும். லத்தி சின்னதாக, கெட்டியாக விழுந்தால் அது முதல் எச்சரிக்கை. வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்று ஓரத்துக் கிணறுகளை உப்பாக்கிய கதை உங்களுக்குத் தெரியும். 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. மனுஷர் வாயில் வைக்க முடியாத தண்ணீரைக் குதிரைக்கும் வைக்காதீர்கள்.

நனைந்து வந்த குதிரையை வைக்கோல் முறுக்கால் அழுத்தித் தேய்த்து, உலர்ந்த பிறகுதான் இரட்டைச் சாக்கு போர்த்தினார்களாம். அந்த ‘பிறகு’ முக்கியம். ஈரத்தின் மேல் போர்த்தினால், அதிலும் பிளாஸ்டிக் தாளால் மூடினால், ஈரம் உள்ளேயே நின்று தோல் வெந்துவிடும். பகலில் சாக்கை எடுத்து வெயிலில் போட வேண்டும். மழையில் விறைத்த சேண வாரை எண்ணெய் போட்டு இளக வைத்தார்களாம். ஊர் முழுக்கத் தோல் வேலை தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் சேணப் புண்ணோடு குதிரை நிற்பது அவமானம் என்பாராம் அப்பா.

எல்லாவற்றையும் நான் ஒப்புக் கொள்ளவில்லை. கொசு விரட்ட லாயத்துக்குள் வேப்பிலைப் புகை போட்டார்களாம். இருமுகிற குதிரைக்குப் புகை ஆகாது, வலை கட்டுவதே மேல். அக்கம் பக்கத்தார் சொல்லி, புட்டியால் வாயில் எண்ணெய் ஊற்றப் போனார்களாம், நல்லவேளை குதிரை தட்டிவிட்டது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கும். சூடு போடுவது, சாராயம் புகட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மார்கழி நடுவில் ஒரு நாள் விடியற்காலை குதிரை படுத்துவிட்டது, எழுந்திருக்கவில்லை. தரகர் மறுபடி வந்தார், இந்தத் தடவை பாதி விலை. அப்பா பதில் பேசாமல், பஜாரில் மூட்டை தூக்குகிறவர்களை நாலு பேரைக் கூட்டி வந்தாராம். வயிற்றுக்கு அடியில் சாக்கு கொடுத்து, தூக்கி நிறுத்தி, சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். நிற்க முடியாத வேளையில் மூன்று நாலு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் புரட்டினார்கள். ஒரே பக்கம் கிடந்தால் சதை நசுங்கிப் புண்ணாகிவிடும். ஆறாவது நாள் அது தானாக எழுந்தது.

“ரெண்டு மார்கழி தாண்டுச்சு சார். வண்டியில பூட்டல. சும்மா நின்னுச்சு. மூணாவது வருஷம் பங்குனியில பூட்டுச்சி. அப்பா வேற குதிரை வாங்கல. நான் ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போயிட்டேன்.” அவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு வருஷக் கொள்ளுக்கு வாங்கிய கடனை அவர்தான் அடைத்தாராம்.

இவர்கள் செய்ததைப் போலவே, பெரிய அளவில் செய்தவர் ஒருவர் உண்டு. முதல் உலக யுத்தம் முடிந்ததும் எகிப்தில் இருந்த ஆயிரக்கணக்கான பட்டாளக் குதிரைகளை ஊருக்குத் திருப்பிக் கொண்டு போகாமல் அங்கேயே விற்றுவிட்டது இங்கிலாந்து. 1930ல் கெய்ரோவுக்குப் போன டாரத்தி புரூக் என்ற அம்மையார், கிழடாகி எலும்பும் தோலுமாய் வண்டி இழுக்கும் அந்தக் குதிரைகளைப் பார்த்தார். 1931ல் லண்டன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சுமார் 5000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவற்றுக்கு அமைதியான சாவைத்தான் கொடுக்க முடிந்தது. மற்ற வண்டிக் குதிரைகளுக்காக 1934ல் இலவச ஆஸ்பத்திரி திறந்தார். அமைதியான சாவும் சவரட்சணையில் சேர்ந்ததுதான். எழவே முடியாமல், வலியில் துடிக்கிற பிராணிக்கு அதைத் தர நம் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் இடம் கொடுக்கிறது. கால்நடை டாக்டர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. “வயசாயிடுச்சு” என்பது நோயின் பெயர் அல்ல. இளைப்புக்குப் பல்லைப் பார்த்தோம். புழுவாகவும் இருக்கலாம். 1981ல் கால்நடைகளுக்கு வந்த ஐவர்மெக்டின் மருந்து பல வகைப் புழுக்களை இறக்கும். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. எடை பார்த்து, டாக்டர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். பங்குனி வெயிலிலும் ரோமம் உதிராமல் சடையாக நின்று, வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். மழை ஓய்ந்த பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் இளைப்பு என்றால், அது எவான்ஸ் கண்டுபிடித்த சர்ராவாக இருக்கலாம். கடிக்கிற ஈக்கள்தான் அதைப் பரப்புகின்றன. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாலே கிருமி அகப்படக்கூடும். பட்டாள லாயத்தில் 1880லேயே தெரிந்த விஷயம் இது. அதற்குப் பின் நூறு வருஷம் எத்தனை ஜட்காக் குதிரை வெறும் ‘வயசு’ என்ற பேரில் சூளைக்குப் போயிற்றோ!

கொள்ளை நோயும் ஒன்று வந்தது. 1960ல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் மேற்காசியா வழியாக இந்தியாவுக்குள் புகுந்தது. கொசுவைவிடச் சின்னக் கடிப்பூச்சி பரப்பிய நோய். 1963க்குப் பிறகு அது நம் நாட்டில் தலைகாட்டவில்லை.

1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 லட்சம் குதிரைகளும் மட்டங்களும் இருந்தன. 2012ல் 6 லட்சத்து 25 ஆயிரம். 2019ல் 3 லட்சத்து 40 ஆயிரம் சொச்சம். ஆட்டோ வந்து ஜட்கா போய்விட்டது. ஆனாலும் கல்யாண ஊர்வலத்துக்கும், கடற்கரைச் சவாரிக்கும், ஊட்டி ஏரிக்கரைச் சவாரிக்கும் மட்டக்குதிரை இன்றும் நிற்கிறது. ஊட்டியில் தை மாதம் புல்லின் மேல் உறைபனி விழுகிற இடத்தில் இவற்றில் எத்தனையோ கிழக் குதிரைகள் குப்பையில் மேய்கின்றன. மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் அப்படிப்பட்டவற்றைக் கொண்டு வந்து வைத்துப் பார்க்கிற காப்பகம் ஒன்று நடக்கிறது.

குதிரையின் உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி வரை இருக்க வேண்டும். ஓய்வாக நிற்கும்போது நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இதில் மாறுதல் கண்டாலும், ஒரு வேளைத் தீனி அப்படியே மீந்தாலும், லத்தி விழாமல் ஒரு பகல் போனாலும் காத்திருக்க வேண்டாம். மனுஷருக்குக் கொடுக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ வண்டியும் உண்டு. டாக்டர் வருவதற்குள் குதிரையைக் காய்ந்த இடத்தில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு ஒரு விளக்கும், ஒரு வாளி வெந்நீரும், சோப்பும் தயாராக வைத்திருங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது லத்தி போட்டது என்பதை ஒரு சீட்டில் குறித்துக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். அவர் வந்ததும் முதலில் கேட்பது அதுதான்.